மரப்பட்டையும் வலிக் குளிசையும்

(தோட்ட மாதர் சங்கமும் சுகாதாரக் குழுவும் சேர்ந்து பிள்ளைமடுவத்தில் நடத்திய கூட்டத்தில் பேசியது. வர முடியாமல் போனவர்களும் வாசிக்க வேண்டும் என்று பலரும் கேட்டதால், பேசியபடியே இங்கே தருகிறோம்.)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் அடுப்பைக்கூட மூட்டாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம். இன்றைக்கு நாம் பேசப் போவது வலியைப் பற்றி. வலிக்கு நாம் பூசுகிற பட்டையைப் பற்றி. வலிக்கு நாம் விழுங்குகிற குளிசையைப் பற்றி.

இந்த மண்டபத்தில் உடம்பு வலி இல்லாதவர்கள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், பிள்ளைமடுவத்துப் பிள்ளைகள் மட்டும்தான் கையைத் தூக்குவார்கள். கொழுந்து எடுக்கிற அக்காமாருக்குக் கழுத்து, தோள், இடுப்பு. தலையில் கயிறு போட்டுக் கூடையைச் சுமந்தால் பாரமெல்லாம் கழுத்தெலும்பில்தான் இறங்குகிறது. கவ்வாத்து வெட்டுகிற அண்ணன்மாருக்கு மணிக்கட்டும் தோள்பட்டையும். கான் வெட்டுகிறவர்களுக்கு நாரி. மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்காத வீடு எந்த லயத்திலும் இல்லை.

வலி வந்தால் என்ன செய்கிறோம்? தைலம் பூசுகிறோம். அம்மாயி இருக்கிற வீட்டில் முருங்கைப் பட்டையை உப்பு வைத்து அரைத்துப் பற்றுப் போடுகிறார்கள். இரண்டுக்கும் கேட்கவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய், "அண்ணே, இடுப்பு வலிக்கு நாலு குளுசை குடுங்க" என்று வாங்கி வருகிறோம். அந்தக் கடைக்காரர் காகிதத்தில் மடித்துத் தருகிற குளிசைக்குப் பெயரும் இல்லை, அளவும் இல்லை. மஞ்சள் ஒன்று, வெள்ளை இரண்டு, சிவப்பு ஒன்று, அவ்வளவுதான்.

பட்டை என்றால் நாட்டு வைத்தியம், குளிசை என்றால் இங்கிலீஷ் வைத்தியம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. உலகத்திலே அதிகமாக விற்பனையான வலிக் குளிசைகளில் ஒன்றான அஸ்பிரின் ஒரு மரப்பட்டையின் வழியில் வந்ததுதான். அந்தக் கதைக்குள் நம்ம மலைநாடும் கொஞ்சம் வருகிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

வில்லோ என்று ஒரு மரம். குளிர் நாடுகளில் ஆற்றங்கரையில், ஈரமான இடத்தில் வளரும். அதே சாதியில் ஒன்று இந்தியாவிலும் உண்டு, தமிழில் ஆற்றுப்பாலை என்பார்கள். வில்லோ மரத்தைப் பற்றி எகிப்து நாட்டுக்காரர்கள் ஏறக்குறைய 3500 வருடங்களுக்கு முன்னமே தங்கள் வைத்திய ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே பட்டை வைத்தியம் நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. எல்லா நாட்டு அம்மாயிமாரும் செய்ததுதான்.

1763 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இங்கிலாந்தில் சிப்பிங் நோர்ட்டன் என்ற ஊரில் இருந்த எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் லண்டனில் உள்ள ரோயல் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். சில வருடங்களுக்கு முன் தற்செயலாக வில்லோப் பட்டையைக் கடித்துப் பார்த்தாராம். பயங்கரக் கசப்பு. அந்தக் கசப்பு அவருக்கு வேறொரு பட்டையை ஞாபகப்படுத்தியது. அதுதான் தென் அமெரிக்காவில் இருந்து வந்த கொயினாப் பட்டை, அதாவது சிங்கோனா. அந்தக் காலத்தில் குளிர்காய்ச்சலுக்கு அதுதான் மருந்து, ஆனால் விலை கூட. கசப்பு ஒன்றானால் குணமும் ஒன்றாயிருக்குமோ என்று எண்ணி, வில்லோப் பட்டை ஒரு இறாத்தல் அளவு சேர்த்து, பை ஒன்றில் போட்டு, ரொட்டி சுடுகிற பேக்கரி அடுப்பின் வெளிப்பக்கத்தில் மூன்று மாதத்துக்கு மேல் காயவைத்து, தூளாக்கி, ஏறக்குறைய 50 பேருக்குத் தண்ணீரிலோ தேத்தண்ணியிலோ கலந்து கொடுத்துப் பார்த்தார். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அநேகமானவர்களுக்குக் காய்ச்சல் விட்டது.

அவர் சொன்ன காரணம் வேடிக்கையானது. சதுப்பு நிலத்தில்தான் காய்ச்சல் வருகிறது, ஆண்டவன் மருந்தையும் அந்தச் சதுப்பிலேயே வைத்திருப்பான் என்றார். நம்ம பெரியவர்களும் இப்படிப் பேசுவது உண்டுதானே. காரணம் பிழை, ஆனால் மருந்து வேலை செய்தது. இப்படியும் நடக்கும்.

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கள், பிறகு தேவைப்படும். கொயினாப் பட்டை மலேரியாக் கிருமியையே கொல்லுகிறது. வில்லோப் பட்டை கிருமியை ஒன்றும் செய்யாது, உடம்புச் சூட்டையும் வலியையும் மட்டும் குறைக்கும். இரண்டும் கசக்கும், இரண்டும் காய்ச்சலைக் குறைக்கும். ஆனால் ஒன்று நோயைத் தீர்க்கிறது, மற்றது நோயை மறைக்கிறது.

கொயினா என்றதும் பெரியவர்கள் சிலர் தலையாட்டுகிறீர்கள். ஆமாம், நம்ம மலையில் நின்ற மரம்தான். 1861 இல் ஹக்கலைப் பூங்காவைத் தொடங்கியதே கொயினாக் கன்று வளர்த்துப் பார்ப்பதற்காகத்தான். இப்போது பூப் பார்க்கப் போகிறோம். 1869 இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பித் தோட்டங்கள் எல்லாம் படுத்துப் போனபோது, துரைமார் கோப்பியைப் பிடுங்கிவிட்டு நட்டவற்றில் கொயினாவும் ஒன்று. லூல்கந்துரையில் 1867 இல் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் கொயினாவும் போட்டவர்தான். 1880களின் நடுவில் ஒரே வருடத்தில் ஏறக்குறைய 1 கோடி 50 இலட்சம் இறாத்தல் பட்டை இங்கிருந்து கப்பலில் போனது. அவ்வளவு பட்டை சந்தைக்குப் போனதும் விலை விழுந்துவிட்டது, கொயினாவும் போய்விட்டது. மிஞ்சியது தேயிலை. அந்தப் பட்டையை உரித்துக் காயவைத்துச் சாக்கில் கட்டியது யார்? நம்ம பாட்டனுக்குப் பாட்டன்மார். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தபோது அந்தப் பட்டையில் எவ்வளவு கிடைத்தது என்பதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

சரி, வில்லோவுக்கு வருவோம். 1828 இல் ஜேர்மனியில் புக்னர் என்பவர் அந்தப் பட்டையில் இருந்து கசப்புச் சத்தைத் தனியாகப் பிரித்தார். அதற்கு சலிசின் என்று பெயர். 1838 இல் பிரியா என்ற இத்தாலிக்காரர் அதில் இருந்து சலிசிலிக் அமிலத்தை எடுத்தார். 1876 இல் ஸ்கொட்லாந்தில் டண்டீ நகரத்து டொக்டர் மக்லகன், மூட்டு வீங்கிக் காய்ச்சலோடு கிடந்த நோயாளிகளுக்குச் சலிசினைக் கொடுத்து வீக்கம் வற்றியதை எழுதினார். சலிசிலிக் அமிலம் வலியைக் குறைத்தது, ஆனால் வயிற்றைப் புண்ணாக்கியது. 1897 இல் ஜேர்மனியில் பேயர் கம்பனியில் ஹொஃப்மன் என்பவர் அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்தார். 1899 இல் அஸ்பிரின் என்ற பெயரில் கடைக்கு வந்தது.

இந்தப் பட்டை எப்படி வேலை செய்கிறது? இது தெரிந்தால்தான் எங்கே ஆபத்து என்பதும் தெரியும். பல காலம் யாருக்கும் தெரியாது. 1971 இல்தான் ஜோன் வேன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபிடித்தார், 1982 இல் வேறு இருவரோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார். நம் உடம்பில் எங்காவது அடிபட்டால் அந்த இடத்தில் புரொஸ்டாகிளாண்டின் என்ற ஒரு சத்து ஊறும். அதுதான் வலியை உறைக்க வைக்கிறது, இடத்தைச் சிவக்க வைக்கிறது, வீங்க வைக்கிறது, காய்ச்சலையும் ஏற்றுகிறது. அஸ்பிரின் அந்தச் சத்து ஊறவிடாமல் தடுக்கிறது. வீக்கமும் வற்றும், வலியும் அடங்கும்.

ஆனால் அதே சத்துக்கு நம் உடம்பில் வேறு வேலைகளும் உண்டு. இரைப்பையின் உள்தோலைப் புளிப்பு அரிக்காமல் காப்பது அதுதான். சிறுநீரகத்துக்கு இரத்தம் சரியாக ஓடச் செய்வதும் அதுதான். நம்ம பீலியை நினைத்துப் பாருங்கள். மலையில் இருந்து வருகிற ஒரே குழாய்தான் கீழ் லயத்துக்கும் மேல் லயத்துக்கும் போகிறது. கீழ் லயத்தில் தண்ணீர் தேங்கி முற்றம் சேறாகிறது என்று மேலே போய்க் குழாயை அடைத்தால், கீழ் லயம் காயும், மேல் லயத்துப் பானையும் காயும். வலிக் குளிசை செய்வது அந்த வேலைதான். முழங்காலுக்கு என்று விழுங்குகிறோம். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கேட்காமலே அடைக்கிறது.

இரத்தமும் உண்டு. காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கு இரத்தத்தட்டுக்கள் என்று சிறு துண்டுகள் உடம்பில் ஓடுகின்றன. அஸ்பிரின் அவற்றை ஒட்டவிடாது. அந்தத் தட்டுக்கள் வாழ்வது 7 முதல் 10 நாள். ஆகவே இன்றைக்கு ஒரு அஸ்பிரின் போட்டால், அடுத்த வாரம் வரைக்கும் அதன் வேலை இரத்தத்தில் இருக்கும்.

அஸ்பிரின் மட்டுமல்ல. டைக்ளோபெனாக், ஐபுபுரோபன், மெபனமிக் அசிட் எல்லாம் வலிக்கும் வீக்கத்துக்கும் இதே குழாயை அடைக்கிற குளிசைகள்தான். டவுனில் இருந்து வருகிற அந்த மஞ்சளிலும் சிவப்பிலும் பெரும்பாலும் இவைதான் இருக்கும். பனடோல், அதாவது பரசிட்டமோல், வேறு சாதி. வலியையும் காய்ச்சலையும் குறைக்கும், வீக்கத்தை வற்றச் செய்யாது. அளவோடு போட்டால் வயிற்றைப் புண்ணாக்காது, இரத்தத்தையும் கெடுக்காது.

ஒரு தோட்டத்தில் கவ்வாத்துக்குப் போகிற ஒரு சகோதரர். விடிய நாலு மணிக்கு எழும்பி, வெறும் தேத்தண்ணியோடு ஒரு வலிக் குளிசை, பிறகுதான் பெரட்டுக்களம். "குளுசை போட்டாத்தான் கையைத் தூக்க முடியுது, போடலைன்னா பேர் போயிரும்" என்பார். மாதக்கணக்காக இப்படியே. மாலையில் கொஞ்சம் சாராயமும். நெஞ்செரிச்சல் வந்தது, வாயு என்று சோடா குடித்தார். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது, அதையும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் மலையிலே கறுப்பாக வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார். கோப்பித்தூள் கரைத்த மாதிரி இருந்ததாம். வயிற்றுப் புண் வெடித்து இரத்தம் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றித்தான் பிழைத்தார். ஒரு பேருக்காக விழுங்கிய குளிசையால் இரண்டு மாதப் பேர் போனது. கறுப்பு மலம், கறுப்பு வாந்தி என்றால் அது வாயு அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வலியே இல்லாமல் வேலை செய்யச் சொல்கிறோமா, வலியைத் தாங்கிக்கொள்ளச் சொல்கிறோமா என்று கேட்காதீர்கள். இரண்டும் இல்லை. டொக்டர் பார்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு, இத்தனை நாள் என்று எண்ணித் தந்தால் தாராளமாகப் போடலாம். நல்ல மருந்துதான். நாங்கள் எதிர்க்கிறது அந்தக் காகிதப் பொட்டலத்தை. பிரஷர் குளிசை போடுகிறவர்கள், சீனி வருத்தக்காரர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், முட்டு வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணித் தாய்மார், இவர்கள் அந்தப் பொட்டலத்தைத் தொடவே கூடாது. முட்டு வருத்தக்காரர் சிலருக்கு ஒரே ஒரு அஸ்பிரின் போட்டாலே இழுப்பு வந்துவிடும்.

அதே நேரத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதய வருத்தத்துக்கு, அல்லது கர்ப்பகாலப் பிரஷருக்கு டொக்டர் சிறிய அளவு அஸ்பிரின் எழுதியிருந்தால், எங்கள் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அது வலிக்குத் தருவதல்ல. தட்டுக்கள் ஒட்டி இரத்தக்குழாயை அடைக்காமல் இருக்கத் தருவது. நிறுத்துவதும் போடுவதும் டொக்டரின் முடிவு.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தயவுசெய்து பின்னால் இருக்கிற தம்பிமார் போனைக் கொஞ்சம் வைத்துவிட்டுக் கேளுங்கள், இது உங்களுக்குத்தான்.

டெங்கு. 2017 இல் நம் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு கண்டது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். "இது குளிர் மலை, இங்க கொசு எங்க இருக்கு" என்று மேல்மலைத் தோட்டங்களில் சொல்வார்கள். கண்டி, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் அப்படிச் சொல்ல முடியாது. மேல்மலையிலும் நம்மால் சும்மா இருக்க முடியாது. ஏனென்றால் நம்ம பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்கள்? கொழும்பில். புடைவைக் கடையில், ஹோட்டலில், கட்டடத்தில். கொசு கடித்து நாலு முதல் பத்து நாளில்தான் காய்ச்சல் வரும். தீபாவளிக்குப் பஸ் ஏறும்போது பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் காய்ச்சல், தலையிடி, கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் முறிகிற மாதிரி உளைச்சல். அம்மா என்ன செய்வார்? "பஸ்ஸில வந்த அலுப்பு" என்று ஒரு வலிக் குளிசையைக் கொடுப்பார்.

அதுதான் ஆபத்து. டெங்குவில் இரத்தத்தட்டுக்கள் எண்ணிக்கையில் குறைகின்றன. மிச்சம் இருப்பதையும் அஸ்பிரின் ஒட்டவிடாது. அதோடு வயிற்றின் உள்தோலும் புண்ணாகிறது. இரத்தம் உள்ளே கசியத் தொடங்கினால் நிறுத்துவது பெரும்பாடு. ஆகவே என்ன காய்ச்சல் என்று தெரியும் வரைக்கும் அஸ்பிரின், டிஸ்பிரின், டைக்ளோபெனாக், ஐபுபுரோபன், மெபனமிக் அசிட், இவற்றில் ஒன்றும் வேண்டாம். குளிசையாகவும் வேண்டாம், பின்பக்கத்தில் வைக்கிற மருந்தாகவும் வேண்டாம். எலிக்காய்ச்சலுக்கும் இதே கதைதான். அங்கே அடிவாங்குவது சிறுநீரகம்.

பரசிட்டமோல் மட்டும் கொடுக்கலாம், அதுவும் நிறையைப் பார்த்து. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. ஒரு குளிசை 500 மில்லிகிராம். நம்ம அக்காமார் பலர் 40 கிலோதான். அவர்களுக்கு ஒரு தடவைக்கு ஒரு குளிசை போதும், இரண்டு வேண்டாம். நல்ல நிறை உள்ள பெரியவருக்கு இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. காய்ச்சல் இறங்கவில்லையே என்று இடையில் இன்னும் இரண்டு போட்டால் ஈரல் கெடும். தடிமலுக்கு விற்கிற சில குளிசைகளிலும் பரசிட்டமோல் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முன்னே சொன்னோமே, ஒன்று நோயைத் தீர்க்கும், மற்றது மறைக்கும் என்று. பரசிட்டமோலும் மறைப்பதுதான். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் விட்டது, பிள்ளை எழும்பி உட்கார்ந்துவிட்டது என்று சந்தோசப்படுகிற அன்றைக்குத்தான் இரத்தக்குழாயில் இருந்து நீர் வெளியே கசியும். கை கால் சில்லிடுதல், விடாத வயிற்றுவலி, விடாத வாந்தி, முரசில் இரத்தம், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, அரை மயக்கம், இதில் ஒன்று கண்டாலும் காத்திருக்க வேண்டாம். 1990 க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் ஒன்றும் காணாவிட்டாலும் இரத்தம் சோதிக்க வேண்டும். கொழும்பில் இருந்து வந்த பிள்ளை என்பதை டொக்டரிடம் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு டொக்டர் தராமல் அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. சளிக்காய்ச்சல், அம்மாள் வருத்தம் கண்ட பிள்ளைக்கு அது மூளையையும் ஈரலையும் தாக்கலாம். தொண்டை நோவுக்குப் பிறகு மூட்டு வீங்கினால் பட்டையும் வேண்டாம், தைலமும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அது இதயத்தைப் பிடிக்கிற காய்ச்சலாக இருக்கலாம். மக்லகன் டொக்டர் பார்த்த அதே வருத்தம்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, பட்டையை விட்டுவிடச் சொல்கிறோம் என்று அம்மாயிமார் கோபிக்கக் கூடாது. பட்டையில் சத்து இருக்கிறது, வைத்தியர்களே அதை ஒப்புக்கொள்கிறார்கள். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில், நெடுநாள் இடுப்பு வலிக்காரர் 210 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வில்லோப் பட்டைச் சாறு கூடுதலாகவும், ஒரு கூட்டத்துக்குக் குறைவாகவும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் நாலு வாரம் கொடுத்தார்கள். கடைசி வாரத்தில் ஐந்து நாளாவது வலியில்லாமல் இருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 100 க்கு 39 பேர், இரண்டாவதில் 21 பேர், வெறும் குளிசை தின்றவர்களில் 6 பேர். பார்த்தீர்களா, வெறும் குளிசைக்கும் 6 பேருக்கு வலி போயிருக்கிறது! நம்ம மந்திரித்துக் கட்டுகிற கயிற்றுக்கும் அதுதான் கணக்கு என்று நினைக்கிறோம். ஆனால் 39 என்பது கயிறு அல்ல.

நம்ம கையில் இருப்பது முருங்கைப் பட்டை. குளிர்மலையில் முருங்கை வராது, கீழ்நாட்டில் இருந்து உறவினர் வரும்போது கொண்டு வருகிறோம். இது வில்லோ மாதிரி அல்ல. முருங்கைப் பட்டையை நசுக்கினால் கடுகு மாதிரிக் காரமான ஒரு சத்து வெளிவரும். அதுதான் மூக்கில் ஏறுகிறது. அது தோலில் பட்டால் சூடேறும், இரத்தம் அந்த இடத்துக்கு ஓடி வரும், உள்ளே இருக்கிற உளைச்சல் தெரியாது. எலிகளில் செய்த சோதனைகளில் முருங்கை வேரின் சாறு வீக்கத்தைக் குறைத்ததும் உண்மை. சுளுக்குக்குப் பூசலாம். ஆனால் எரிவு கூடினால் உடனே கழுவ வேண்டும். "எரியட்டும், அப்பத்தான் பிடிக்கும்" என்று இராத்திரி முழுக்கக் கட்டி வைத்தால் காலையில் தோல் கொப்பளித்திருக்கும். கொப்பளம் உடைந்து, அதே காலோடு கானுக்குள் இறங்கினால் புண் சீழ் வைக்கும். சீனி வருத்தக்காரருக்குக் காலில் எரிவே தெரியாது, அவர்களுக்குப் பற்று வேண்டாம். பட்டையையும் வேரையும் அவித்துக் குடிப்பது யாருக்கும் வேண்டாம், கர்ப்பிணிக்குக் கட்டாயம் வேண்டாம், கருவுக்குக் கேடு. கீரையும் காயும் வேறு, பட்டையும் வேரும் வேறு.

விழுந்து கணுக்கால் வீங்கினால் பற்றுப் போடுவதற்கு முன் ஒன்று பாருங்கள். எழும்பி நாலு அடி வைக்க முடிகிறதா? முடியவில்லை என்றால், அல்லது கணுக்கால் எலும்பின் மேலேயே தொட்டால் துடிக்கிறது என்றால், படம் பிடித்துப் பார்க்காமல் நீவக் கொடுக்காதீர்கள். உடைந்த எலும்பை நீவினால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

கூட்டம் முடிந்த பிறகு கேட்ட கேள்விகள் சிலவற்றையும் இங்கே சேர்க்கிறோம்.

கொழுந்து எடுக்கிற ஒரு தங்கச்சி கேட்டார்: "ஐயா, நுவரெலியாப் பக்கம் விக்கிற விண்டர்கிரீன் எண்ணெயை வலிக்குத் தேய்க்கிறோமே, அதுவும் கூடாதா?" தேய்க்கலாம். அது ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்தில் காடாக வளரும் ஒரு செடியின் இலையில் இருந்து வடிப்பது, சிங்களத்தில் வெல் கப்புரு என்பார்கள். அதில் இருப்பதும் வில்லோவின் சொந்தக்காரச் சத்துத்தான். புண்ணில் தேய்க்காதீர்கள், தேய்த்துவிட்டுச் சூட்டு ஒத்தடம் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள். சுத்தமான எண்ணெய் ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 20 அஸ்பிரின் குளிசைக்குச் சமம். இனிப்பு வாசம் வேறு. நம்ம காம்பராவில் ஜன்னல் கட்டையில் வைக்கிறோம், தவழுகிற பிள்ளைக்கு அது எட்டும்.

ஒரு பெரியவர் கேட்டார்: "முருங்கை இல்லாட்டிப் போகுது, மலையில முருக்கு மரம் நிக்குதே, அந்தப் பட்டையை அவிச்சுக் குடிக்கலாமா?" வேண்டாம் ஐயா. பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று, மரம் வேறு. தேயிலைக்கு நிழலுக்கு நட்ட முள்முருக்குச் சாதியில், தசையைச் சோரச் செய்கிற நஞ்சுச் சத்து உண்டு, விதையில் அதிகம். இலையைச் சுண்டித் தின்பது நம்ம வழக்கம், அது இருக்கட்டும். பட்டைக் கசாயத்துக்கு அளவு சொல்ல நமக்குத் தெரிந்தவர் இல்லை என்றால் குடிக்கக்கூடாது. கட்டாயம் நாட்டு வைத்தியம்தான் வேண்டும் என்றால், பதிவு பெற்ற ஆயுர்வேத, சித்த வைத்தியரிடம் போங்கள். போகும்போது இங்கிலீஷ் குளிசை எது போடுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு அம்மா எழும்பி, "எங்க வீட்டு டப்பாவுல என்ன குளுசை கிடக்குன்னே தெரியாது, கலரைப் பாத்துத்தான் போடுறோம்" என்றார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் சிரித்தவர்கள் வீட்டிலும் அந்த டப்பா இருக்கிறது. அடுத்த நிறை பார்க்கிற நாளில் அதை அப்படியே இங்கே கொண்டு வாருங்கள். தோட்ட டொக்டர் ஐயா இருப்பார், குடும்பநல உத்தியோகத்தர் மிஸ்ஸும் இருப்பார். பெயர் தெரிந்ததைப் பையில் போட்டு, பெயர் எழுதி, எப்போது போடுவது என்றும் எழுதித் தருவோம். பெயர் தெரியாததை நாங்களே வாங்கி வைத்துக்கொள்வோம். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் நிலவும் படம் போட்டுத் தருவதாக மாதர் சங்கத்துப் பிள்ளைகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெற்று டப்பாவாக இருந்தாலும் கொண்டு வாருங்கள், மூடி நன்றாக இறுகுகிற புது டப்பா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று வைத்திருக்கிறோம்.